பிளாஸ்திரிக்கு அடியில் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு. அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போனால் செம்மநத்தம். நவம்பர் பிறந்து பழம் சிவந்துவிட்டால் சேர்வராயன் மலை ஊர்களில் விரல்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காப்பிச் செடியின் காய்ந்த குச்சி கிழித்திருக்கும். கவாத்துக் கத்தி பட்டிருக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது முழங்கை சிராய்த்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்: பெட்டிக்கடையில் ஷாம்பூ பாக்கெட்டுச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற இன்னொரு சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து வாங்கி, பல்லால் உறையைப் பிரித்து, சட்டென்று சுற்றிக்கொண்டு மறுபடியும் வேலைக்குப் போய்விடுவது. எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் பேர் பேண்ட்-எய்டு, இல்லையென்றால் பிளாஸ்திரி.

அந்தச் சின்னப் பட்டைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது தெரியுமா! பசை, பஞ்சு, ஓட்டை, கதிர்வீச்சு, சைக்கிள் டயர், பன்றிக்குட்டி, ஒட்டுப்பொட்டு என்று எல்லாம் இதற்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்கப் போன எனக்கு வெளியே வர மனமே இல்லை.

முதலில் ஒரு விஷயம். இதைத் தெரிந்துகொண்ட நிமிடத்திலிருந்து என்னால் பிளாஸ்திரியைப் பழைய கண்ணோடு பார்க்கவே முடியவில்லை. பிளாஸ்திரி காயத்தில் ஒட்டுவதே இல்லை! காயத்தின் மேல் பஞ்சு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவது முழுக்கக் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலில். அடிபடாத, ஒரு தப்பும் செய்யாத தோல்தான் பட்டையின் மொத்தப் பிடியையும் தாங்குகிறது. "காயம் ஆறிப்போச்சு, ஒட்டுன இடந்தான் இன்னும் அரிக்குது" என்று சொல்லாத வீடு உண்டா? எல்லோருடைய கண்ணும் காயத்தின் மேல் இருக்கிறது. நாம் இன்று அந்த ஓரத்துத் தோலைப் பார்ப்போம்.

கையில் ஒரு பிளாஸ்திரி இருந்தால் தயவுசெய்து அதைப் பிரியுங்கள். கூடவே ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. மேல்தாள் இரண்டு துண்டாக நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா? நம் விரல் பஞ்சைத் தொடாமல் இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டுவதற்காகவே அந்த அமைப்பு. பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஊசியால் குத்தியதுபோல வரிசை வரிசையாக ஓட்டைகள்! அடியில் சேரும் வியர்வை ஆவியாகி வெளியேற அவைதான் வழி. இப்போது பஞ்சைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேலே பளபளவென்று ஒரு மெல்லிய வலை தெரிகிறதா? ரத்தம் காய்ந்து பஞ்சோடு ஒட்டிக்கொண்டால் எடுக்கும்போது காயம் மறுபடி பிளந்துவிடும்; அதைத் தடுக்கத்தான் அந்த பிளாஸ்டிக் வலை. சில வகைகளில் பஞ்சிலேயே பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி ஊறியிருக்கும். ஒரு விரல் நீளப் பட்டைக்குள் இவ்வளவு யோசனை! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, அந்தப் பசைக்குப் போவோம். ரப்பரைக் கரைத்துத் துணியில் தடவி ஒட்டுத்துணி செய்ய அமெரிக்காவில் ஹோரஸ் டே, வில்லியம் ஷீகட் என்ற இருவர் 1845இல் காப்புரிமை பெற்றார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருந்தாளர் பால் பையர்ஸ்டார்ஃப் தன் மருத்துவப் பிளாஸ்திரிக்கு 1882இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய கம்பெனியை வாங்கிய ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸின் காலத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். செய்த ஒரு பிளாஸ்திரி கெட்டியாக ஒட்டியது. ஆனால் தோலை எரிச்சல்படுத்தியது. மருந்துக்கு ஆகாது. உடனே என்ன செய்தார்கள்? 1896இல் அதையே சைக்கிள் டயர் ஓட்டை அடைக்கிற டேப்பாக விற்றார்கள்! நன்றாக ஒட்டுவது வேறு, தோலுக்கு நல்லது வேறு என்பதை அன்றைக்கே கண்டுகொண்டவர்கள் அவர்கள். பிறகு துத்தநாக ஆக்சைடைப் பசையில் கலந்து எரிச்சலைக் குறைத்து 1901இல் லூக்கோபிளாஸ்ட் வந்தது. ஆஸ்பத்திரியில் கையில் ஊசியை நகராமல் பிடித்து வைக்க ஒட்டுகிற அந்த வெள்ளை டேப்பின் பரம்பரை அங்கே தொடங்குகிறது.

பசையும் பஞ்சும் ஒரே பட்டையில் சேர்ந்தது 1920இல். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக்குப் பஞ்சு கொள்முதல் செய்துகொண்டிருந்த ஏர்ல் டிக்சனின் மனைவி ஜோசஃபீன் சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். அவர் தனியாகவே கட்டுப்போட்டுக்கொள்ள வசதியாக, நீளமான ஒட்டுத்துணியின் நடுவில் இடைவெளி விட்டுப் பஞ்சுத்துணித் துண்டுகளை வைத்து, மேலே வேறு துணி மூடிச் சுருட்டித் தந்தார் டிக்சன். வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம். முதலில் கையாலேயே செய்தார்கள், விற்பனை மந்தம். 1924இல் இயந்திரம் வந்த பிறகுதான் சூடு பிடித்தது. அதற்குள் 1922இல் ஹாம்பர்க்கிலிருந்து ஹான்சாபிளாஸ்டும் வந்துவிட்டது. காய்கறி நறுக்கும் கைக்காகப் பிறந்த பொருள் இது! மலைத் தோட்டத்துக் கத்திக்கும் ஏணிக்கும் அது ஈடுகொடுக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

உறைக்குள் கிருமி நீக்கி வைத்திருக்கிறார்களே, அது எப்படி? உறையை ஒட்டி மூடிய பிறகு வாயுவாலோ காமா கதிராலோ நடக்கிற வேலை அது. கதிர் காகிதத்தை ஊடுருவிப் போய் உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும்; பொருளில் கதிர்வீச்சு தங்காது. மருத்துவப் பொருள்களை இப்படிச் சுத்தம் செய்வதற்கென்றே மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐசோமெட் ஆலை 1974இல் தொடங்கியது. ஆனால் இத்தனை பாடும் உறை கிழியாதவரைக்கும்தான். சட்டைப் பையில் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்து ஓரம் பிரிந்த பிளாஸ்திரி சுத்தமான பிளாஸ்திரி அல்ல. வெயிலில் வேகிற வண்டியின் முதலுதவிப் பெட்டியில் வருஷக்கணக்கில் கிடந்ததும் அப்படித்தான், அதன் பசையே இளகிப் பிசுபிசுத்துவிடும். உறையின் மேல் தேதி இருக்கிறது, பாருங்கள்.

இனி தோலுக்குள் நுழைவோம். தோலின் மேற்பரப்பில் இருப்பது இறந்து தட்டையான செல்களின் அடுக்கு. முன்கை மாதிரி இடங்களில் சுமார் 15 முதல் 20 வரிசை. மொத்தக் கனமும் எழுதுதாளை விடப் பல மடங்கு குறைவு. நீரை உள்ளே பிடித்து வைப்பதும் அழுக்கையும் கிருமியையும் வெளியே நிறுத்துவதும் இந்த அடுக்குதான். பிளாஸ்திரிப் பசை விநோதமான பசை. அது காய்ந்து இறுகுவதில்லை. கெட்டியான திரவமாகவே இருக்கும். அழுத்தினால் மெல்ல வழிந்து தோலின் ரேகைகளுக்குள் இறங்கும். உடம்புச் சூட்டில் இன்னும் இறங்கும். காலையில் ஒட்டியதை உடனே எடுத்தால் சுலபமாக வருவதும், மறுநாள் எடுக்கும்போது "ஆ!" என்று கத்துவதும் அதனால்தான்.

எடுக்கும்போது பசையோடு மேலடுக்குச் செல்களும் வந்துவிடுகின்றன. ஹெர்மன் பிங்கஸ் என்ற தோல் மருத்துவர் 1951இல் இதையே ஆராய்ச்சி முறையாக்கினார். ஒரே இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, அடுக்கடுக்காகத் தோலைப் படித்தார்! ஆராய்ச்சிக்கூடத்தில் செய்ததை நாம் வீட்டில் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம்: ஒரே விரலில், ஒரே இடத்தில், தினம் ஒரு பிளாஸ்திரி. உரிந்த மேலடுக்கு முழுதாகத் திரும்ப வளர ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். உள்ளங்கையும் விரலின் உட்புறமும் தடித்த தோல், தாங்கும். புறங்கையும் முன்கையும் தாங்காது. பச்சைக் குழந்தையின் தோலும் வயதானவர்களின் தோலும் சுத்தமாகத் தாங்காது; அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு என்பதால் அவர்களுக்கு ஒரே இழுப்பில் தோலே வழன்று வந்துவிடும். பாட்டியின் முன்கையில் பிளாஸ்திரி ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். வலைத்துணியை வைத்து மேலே தளர்வாகத் துணி சுற்றினாலே போதும், பசையே வேண்டாம்.

அடுத்தது ஈரம். இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம், ஏனென்றால் காயத்துக்கும் ஓரத்துத் தோலுக்கும் நேரெதிர் தேவை! காயத்துக்கு ஈரம் வேண்டும். ஜார்ஜ் விண்டர் 1962இல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வில், பன்றிக்குட்டிகளின் மேலோட்டமான காயங்களில் சிலவற்றைப் படலம் போட்டு மூடினார், சிலவற்றைக் காற்றாட விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காற்றுபட்டுக் காய்ந்த இடத்தில் பொருக்கு கட்டுகிறது. புதுச் செல்கள் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரத்தில் அவை வழுக்கிக்கொண்டு போய்ச் சேருகின்றன. "காத்தாட விடு, காயட்டும்" என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொன்னதை அந்த ஒரு ஆய்வு புரட்டிப் போட்டது.

ஆனால் ஓரத்துத் தோலுக்கு அதே ஈரம் பகை. பட்டைக்கு அடியில் தண்ணீர் தங்கினால் மேலடுக்குச் செல்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். வெளுத்து, சுருங்கி, கொழகொழவென்று ஆன அந்த விரலைப் பார்த்திருப்பீர்களே! அந்த நிலையில் தோல் எளிதில் கிழியும், கிருமியும் பூஞ்சையும் குடியேறும். மலையில் காலைப் பனியில் இலையெல்லாம் சொட்டும். பறிக்கிற கை மணிக்கட்டு வரை நனையும். பல்பர் இயந்திரத்தில் பழத்தின் தோலை உரிக்கும் இடத்தில் தண்ணீரும் பழத்தின் வழவழப்பும் சேர்ந்து கையை ஊறவைக்கும். காலையில் போட்ட பிளாஸ்திரி மதியத்துக்குள் ஊறிப்போயிருக்கும். அதை அப்படியே இரவு வரை வைத்திருப்பதுதான் கெடுதல். நாளுக்கு ஒன்று என்பது காய்ந்த கைக்குப் பொருந்தும் கணக்கு. நனைந்தால் நனைந்த உடனே மாற்ற வேண்டும்.

இனி அரிப்பு. இது இரண்டு வகை, இரண்டையும் பிரித்தறிவது பெரிய வேலை இல்லை. பட்டை இருந்த எல்லைக்குள்ளேயே எரிந்து, எடுத்ததும் ஓரிரு நாளில் தணிந்தால் அது வெறும் எரிச்சல். ஒட்டி ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு ஏறி, எல்லையைத் தாண்டிப் பரவி, கொப்புளம் கிளம்பி, அடுத்த முறை எங்கே ஒட்டினாலும் அதே கூத்து நடந்தால் அது ஒவ்வாமை. பசையில் சேரும் பைன் மரப் பிசின், ரப்பரைப் பதப்படுத்தும் ரசாயனங்கள், சில அக்ரிலேட்டுகள் ஆகியவை இதற்குப் பேர்போனவை. தோல் மருத்துவர் முதுகில் சிறு சிறு ஒட்டுகளை வைத்துச் சோதித்து எது ஆகாது என்று சொல்லிவிடுவார். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் நிரந்தரம்.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. "சிவந்தால் எடுத்துவிடுங்கள்" என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரியும்? நம் தோலில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கூடுதல் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, அரிக்கிறதா? எரிச்சல் தணிந்த பிறகும் நம் தோலில் கருந்திட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். காயத்தின் வடு மறைந்த பிறகும் பிளாஸ்திரியின் செவ்வக வடிவம் முன்கையில் அச்சடித்ததுபோல நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

கறுப்பதற்கு நேர்மாறான கதை ஒன்றும் நம் நெற்றியிலேயே நடந்திருக்கிறது. ஒட்டுப்பொட்டு! தினமும் அதே இடத்தில் ஒட்டும் பசை. பொட்டு வைத்த இடத்தில் பல பெண்களுக்கு வட்டமாக வெளுத்துப்போவதைப் பார்த்த அலகாபாத் மருத்துவர் ஏ.கே. பஜாஜும் அவரோடு சேர்ந்தவர்களும், பொட்டுப் பசையில் இருக்கும் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் என்ற வேதிப்பொருளே காரணம் என்று 1990இல் எழுதினார்கள். அது தோலுக்கு நிறம் தரும் செல்களையே கொல்லக்கூடியது. பிளாஸ்திரிப் பசையும் பொட்டுப் பசையும் ஒன்றல்ல. பிளாஸ்திரி ஓரிரு நாள், பொட்டு வருஷக்கணக்கு. ஆனாலும் பசை என்பது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அல்ல, தோலோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் பொருள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் நாட்டில் இல்லை. பொட்டு வைத்த இடம் அரிக்கத் தொடங்கினாலே இடத்தை மாற்றுங்கள், அல்லது கொஞ்ச நாள் குங்குமத்துக்கு மாறுங்கள்.

ஒட்டுகிற கலைக்கு வருவோம். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுவது முதல் வேலை. காப்பி விளையும் மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்புகிற பழக்கம் நமக்கு உண்டு. ரத்தம் நின்றதுபோலத் தெரியும். தூள் காயத்துக்குள் அந்நியப் பொருளாகத் தங்கிவிடும். அதன் மேல் பிளாஸ்திரியும் போட்டு மூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம். வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவதும் இப்படித்தான். பச்சிலையோடு மண்ணும் சேர்ந்து போகும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே சின்னக் காயத்தில் ரத்தம் நிற்கும். பிறகு காயத்தைச் சுற்றியுள்ள தோலை நன்றாகத் துடையுங்கள், ஏனென்றால் பசைக்கு வேண்டியது காய்ந்த தோல். பஞ்சு காயத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பசை காயத்தைத் தொடவே கூடாது. பட்டையை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்த பட்டை சுருங்கப் பார்க்கும், தோலையும் கூடவே இழுக்கும், ஓரத்தில் கொப்புளம் கிளம்பும். விரலைச் சுற்றி ஒட்டிய பிறகு நகத்தை அழுத்தி விடுங்கள்: வெளுத்த நகம் உடனே பழைய நிறத்துக்குத் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது, திரும்பவில்லையா, மரத்துப்போகிறதா, அவிழ்த்துத் தளர்த்துங்கள்.

விரல் மூட்டில் பிளாஸ்திரி நிற்பதே இல்லை என்பவர்களுக்கு ஒரு வித்தை! பட்டையின் இரண்டு முனைகளையும் கத்தரிக்கோலால் பஞ்சு வரைக்கும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். நான்கு கால்கள் கிடைக்கும். பஞ்சை மூட்டின் மேல் வைத்து, மேல் கால்களைச் சாய்வாகக் கீழேயும், கீழ் கால்களைச் சாய்வாக மேலேயும் ஒட்டுங்கள். விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், அசையவே அசையாது! முதல் தடவை பார்த்தபோது நான் கைதட்டிவிட்டேன்.

எதில் ஒட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டில் குரங்குக்குக் குறைவில்லை. குரங்கோ நாயோ கடித்தாலும் பிராண்டினாலும் பிளாஸ்திரி போட்டு மூடாதீர்கள். சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். ஆழமாக வாய் பிளந்த காயம், சீழ் கட்டியது, பெரிய தீக்காயம், சர்க்கரை நோயாளியின் கால்புண் எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. மண்ணும் சாணமும் பட்ட காயமென்றால் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்று யோசியுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உரிக்கும் சண்டை. சட்டென்று இழுப்பதா, மெதுவாகவா? ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை வைத்தே இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: வேகமாக இழுத்தால் வலி குறைவு! ஆனால் அவர்கள் அளந்தது வலியை, அதுவும் திடமான இளம் தோலில். தோல் சேதத்தைக் கவனிக்கும் செவிலியர்களும் மருத்துவர்களும் அமெரிக்காவில் கூடி 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது: தாழ்வாக, மெதுவாக. நான் இரண்டாவது கட்சி. வலி நொடியில் போய்விடும், உரிந்த தோல் திரும்ப வாரங்கள் ஆகும். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிஷம் விடுங்கள், பசை இளகும். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, பட்டையை மேலே தூக்காமல் தன்மேல் தானே மடிவதுபோல இழுங்கள். இன்னொரு கையின் விரல் பட்டையை விட்டு விடுபடும் தோலை அழுத்திக்கொண்டே கூட வரட்டும். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் சுரண்ட வேண்டாம், அதே எண்ணெய் போதும். பிறகு சோப்பால் கழுவித் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் அடுத்த பட்டை நிற்காது.

காயம் இன்னும் மூடவில்லை, மறுபடி ஒட்டியாக வேண்டும் என்றால் பட்டையின் திசையை மாற்றுங்கள். நேற்று குறுக்கே ஒட்டியிருந்தால் இன்று நெடுக்கே. பஞ்சு அதே காயத்தின் மேல் இருக்கும், பசை மட்டும் நேற்று தொடாத தோலில் போய் உட்காரும்.